காணாத ஏடுகளும் கண்ட முடிபும்: மருத்துவ மீளாய்வுகளைத் திறனாய்தல் பற்றி ஒரு நோக்கு

விமர்சனம் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இலக்கிய விமர்சனமே. கவிதையையும் நாவலையும் எடைபோடுவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், ஒரு மருந்தின் பயன்பற்றி எழுதப்பட்ட கட்டுரையை அதே கண்கொண்டு நோக்குவதில்லை. அது விஞ்ஞானம், எண்களால் ஆனது, ஆகவே ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் சாதாரண வாசகரிடத்து மாத்திரமன்றி மருத்துவம் பயில்வோரிடத்தும் உண்டு. இவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதை டமிஃபுளூ எனும் மருந்துபற்றி எழுந்த மீளாய்வுகளைச் சான்றாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறைசார் மீளாய்வு என்பது யாது? ஒரு வினாவை முன்வைத்து, அவ்வினாவுக்கு விடைதரும் ஆய்வுகள் யாவற்றையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட முறைப்படி தேடி, அவற்றின் தரத்தை அளந்து, இயலுமாயின் அவற்றின் எண்களை ஒருங்கே கூட்டிக் கணித்து முடிபு கூறுவதே அது. தத்தம் துறையிலே நிகழ்ந்த எழுமாற்றுப் பரிசோதனைகளை இவ்வாறு தொகுத்துக் காலந்தோறும் புதுப்பித்து வைத்திருக்கவில்லை என்று 1979இல் மருத்துவ உலகைக் கண்டித்தவர் ஆர்ச்சி கொக்ரேன். அவர் பெயர் தாங்கிய கொக்ரேன் கூட்டமைப்பு 1993இல் நிறுவப்பட்டது. தனியொரு பரிசோதனையிலும் பார்க்கப் பல பரிசோதனைகளின் தொகுப்பு நம்பத்தக்கது என்பதே இம்முயற்சியின் அடிப்படை. அவ்வடிப்படையில் தவறில்லை. ஆயின், தொகுக்கப்பட்டவை யாவை, தொகுப்பிற்கு வராதவை யாவை என்ற வினா எழாதவிடத்து அந்நம்பிக்கை ஆட்டங்காண்கிறது.

2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றிலே கைசரும் பிறரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. டமிஃபுளூ பற்றிய பத்துப் பரிசோதனைகளின் எண்களை ஒருங்கே கூட்டி, இன்புளுவென்சா நோயாளரிடையே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டப்படும் சுவாசச் சிக்கல்கள் வெற்று மருந்து உண்டோரில் 10.3 வீதமாகவும் டமிஃபுளூ உண்டோரில் 4.6 வீதமாகவும் இருந்தன என்று அது கூறிற்று. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுதலும் குறைந்தது என்றது. வாசிப்போர்க்கு ஐயந்தோன்றாத வகையில், தெளிவாகவும் அடக்கமாகவும் எழுதப்பட்ட கட்டுரை அது. எனினும் அதனுள்ளே இரு செய்திகள் வெளிப்படையாகவே கிடந்தன. பத்துப் பரிசோதனைகளையும் நடத்தியது மருந்தை விற்கும் றோஷ் நிறுவனமே. கட்டுரையாசிரியர் பலர் அந்நிறுவனத்தின் ஊழியர். மூன்றாவது செய்தியொன்றை அறிய வாசகர் சற்றுத் தேட வேண்டியிருந்தது: பத்தில் இரண்டு மாத்திரமே சஞ்சிகைகளில் முழுமையாக வெளியாகியிருந்தன.

தேடியோர் இலர். கொக்ரேன் கூட்டமைப்பின் மீளாய்வாளரே தமது 2006ஆம் ஆண்டுப் பதிப்பில், சிக்கல்கள் குறையும் என்ற முடிபுக்கு இக்கட்டுரையை ஆதாரமாகக் கொண்டனர். அரசுகள் மருந்தைக் கொள்வனவு செய்து களஞ்சியங்களில் நிரப்பின. பிரித்தானியா டமிஃபுளூவுக்கு மாத்திரம் 42 கோடியே 40 இலட்சம் பவுண் செலவிட்டமையை அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. இத்தனைக்கும், இம்மருந்து அத்தகைய சிக்கல்களைத் தடுக்கும் எனக் காட்டப்படவில்லை என்பதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தின் நிலைப்பாடாக இருந்தது. ஒரே மருந்து, ஓரிடத்தில் ஒரு கூற்று, வேறோரிடத்தில் அதற்கு மாறான கூற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே.

2009இல், பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவிய வேளையில், யப்பானியக் குழந்தை வைத்தியரான கெயிஜி ஹயாஷி என்பார் கொக்ரேன் மீளாய்வு பற்றி ஒரு குறிப்பு எழுதினார். உங்கள் முடிபு கைசர் கட்டுரையிலே தங்கியுள்ளது. அக்கட்டுரையோ எவரும் காணவியலாத எட்டுப் பரிசோதனைகளிலே தங்கியுள்ளது. அவற்றின் தரத்தை நீங்கள் எங்ஙனம் அளந்தீர்கள் என்பதே அவர் வினாவின் சாரம். புள்ளிவிபரவியலின் நுட்பம் எதுவும் இவ்வினாவில் இல்லை. உரையை ஊன்றிப் படித்து, அடிக்குறிப்பைத் தொடர்ந்து சென்று, அது முடியுமிடத்தில் ஒன்றுமில்லை என்று கண்ட வாசகரின் வினா அது.

தமிழ் மாணவர்க்கு இது புதுமையான செய்தியன்று. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கிடைத்த ஓர் ஏட்டையே நம்பி அமையாது பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே பதிப்பித்தார். ஒரு பதிப்பை மதிப்பிடப் புகுவோன் முதலிற் கேட்பது, எத்தனை ஏடுகள், அவை எங்குள்ளன, பிறரும் அவற்றைக் காணலாமா என்பதே. இவ்வினாக்களுக்கு விடைகூறாத பதிப்பு எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும் அறிஞர் அதனை ஏற்பதில்லை. எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. ஏடுகளை அழித்தவை கறையானும் காலமும். மருந்துப் பரிசோதனைகளின் அறிக்கைகள் அழியவில்லை, அவை உரியவர் வசமே பத்திரமாக இருந்தன. 1,400க்கு மேற்பட்டோரைக் கொண்ட மிகப் பெரிய பரிசோதனைகூடச் சஞ்சிகை எதிலும் முழுமையாக வெளியாகாதிருந்தது.

ஹயாஷியின் வினாவை மீளாய்வாளர் புறக்கணிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தொம் ஜெபர்சன் தலைமையிலான அவர்கள் தம் பழைய முடிபைத் தாமே கைவிட்டு, சிக்கல்கள் பற்றிய கூற்றை உறுதிப்படுத்த முடியவில்லை என 2009 டிசெம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அறிவித்தனர். முழு அறிக்கைகளைப் பெறுவதற்கு நிகழ்ந்த போராட்டம் 2013 வரை நீடித்தது. 2014 ஏப்பிரலில் வெளியான மீளாய்வு, டமிஃபுளூவையும் அதனோடொத்த மற்றொரு மருந்தையும் பற்றிய 46 பரிசோதனைகளைச் சஞ்சிகைக் கட்டுரைகளின் வாயிலாகவன்றி முழு அறிக்கைகளின் வாயிலாகவே ஆராய்ந்தது. அவ்வறிக்கைகள் 1,60,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. அதன் முடிபு: வளர்ந்தோரிடத்து நோய்க்குறிகள் 7 நாள்களிலிருந்து 6.3 நாள்களாகக் குறைகின்றன. வைத்தியசாலை அனுமதி குறைந்தமைக்குச் சான்றில்லை. குமட்டலும் வாந்தியும் மிகுகின்றன.

இத்துடன் கதை முடிந்துவிட்டது என்று கருதுவதும் விமர்சனமாகாது. 2014ஆம் ஆண்டு மீளாய்வையும் நாம் அதே கண்கொண்டு நோக்குதல் வேண்டும். அது ஆராய்ந்த பரிசோதனைகளிற் பெரும்பாலானவை பொதுவாக உடல்நலமுள்ளோரிடத்து நிகழ்த்தப்பட்டவை. கடுமையாக நோயுற்று வைத்தியசாலையில் இருப்போர்பற்றி அவற்றைக்கொண்டு உறுதியாக எதுவும் கூறவியலாது. 2015இல் லான்செற் சஞ்சிகையில் டொப்சனும் பிறரும் வெளியிட்ட ஆய்வு ஒன்பது பரிசோதனைகளின் தனிநபர் தரவுகளைக் கூட்டிக் கணித்து, இன்புளுவென்சா உறுதிசெய்யப்பட்டோரிடத்துச் சிக்கல்கள் குறைந்தன என்றது. யாரை எண்ணுவது என்பதே இங்கு பிணக்கு. பரிசோதனையிற் சேர்ந்தோர் அனைவரையும் எண்ணுவதா, நோய் உறுதியானோரை மாத்திரம் எண்ணுவதா? மருந்தே உடலின் எதிர்ப்பொருள் உண்டாவதைப் பாதிக்கக்கூடுமாயின், அவ்வெதிர்ப்பொருளைக் கொண்டு நோயை உறுதிசெய்வது ஒப்பீட்டைச் சாய்த்துவிடும் என்பது ஜெபர்சன் தரப்பின் வாதம். அதேவேளை, நோயில்லாதோரையும் சேர்த்து எண்ணின் மருந்தின் பயன் மறைந்துபோகும் என்ற மறுதரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2017இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் முதன்மைப் பட்டியலிலிருந்து துணைப்பட்டியலுக்கு இறக்கியது. 2023இல் வெளியான மற்றொரு மீளாய்வு, வைத்தியசாலைக்கு வெளியே சிகிச்சை பெறுவோரிடத்து அனுமதி குறைந்ததாகக் காணவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? மீளாய்வுகளை மதிப்பிடுவதற்கு இன்று அம்ஸ்ரார் முதலான வினாப்பட்டியல்கள் பல உள. தேடல் முறையாக நிகழ்ந்ததா, தெரிவை இருவர் தனித்தனியே செய்தனரா, ஆய்வுகளின் தரம் அளக்கப்பட்டதா, பணம் எங்கிருந்து வந்தது என அவை கேட்கின்றன. இவை பயனுடையவை என்பதில் ஐயமில்லை. பயிலத் தொடங்குவோனுக்கு இன்றியமையாதவையுமாம். ஆயின் கட்டங்களுக்குச் சரியடையாளம் இடுவதே திறனாய்வு எனப் பயிற்றுவிக்கப்படின், யாப்பிலக்கணம் கற்றவன் கவிதையை அறிந்துவிட்டதாகக் கருதுவது போன்ற மயக்கமே எஞ்சும். பட்டியல் கட்டுரையில் உள்ளதை அளக்கும். கட்டுரையில் இல்லாததைத் தேடிச்செல்லும் மனப்பாங்கைப் பட்டியல் தானாகத் தந்துவிடாது.

ஐயமே அறிவு என எல்லாவற்றையும் மறுப்பதும் எமது கருத்தன்று. ஒரு மீளாய்வு தவறியது என்பதைக் கொண்டு மருத்துவ ஆய்வு முழுவதையும் புறக்கணிப்போர் இன்று பெருகியுள்ளனர். அவர்கள் எதனையும் படிப்பதில்லை. ஹயாஷி படித்தார். படித்தமையாலேயே கேட்டார். அவரது வினாவால் வீழ்ந்தது முறைசார் மீளாய்வு எனும் முறையன்று. அம்முறை தன்னைத்தானே திருத்திக்கொண்டு, முழு அறிக்கைகளை நாடும் புதிய நெறியொன்றைக் கண்டது. தமது பெயரிலே வெளியான முடிபைத் தாமே மறுத்துரைத்த மீளாய்வாளரின் நேர்மையும் வினாவைத் தொடுத்தவரின் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

நாளை வைத்தியராகவோ நிர்வாகியாகவோ மருந்துக் கொள்வனவுப் பத்திரத்திலே கையொப்பமிடப்போகின்ற மாணவர் இவ்விரு பண்புகளையும் ஒருங்கே பயிலவேண்டும். செலவிடப்படும் பணம் மக்களுடையது. விழுங்கப்படும் மாத்திரை நோயாளியினுடையது. ஆகவே ஒரு முடிபு எத்தகைய புகழ்வாய்ந்த சஞ்சிகையில் வெளிவரினும், அதன் ஏடுகள் எங்கே என்று கேட்பது வாசகனின் உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும்.