அல்பிரூனி கண்டதும் காணாததும்

இந்தியத் தத்துவங்களை ஆராய்ந்த முஸ்லிம் அறிஞர் யார் என்று வினவினால், நம்மில் பலர் தயங்காமல் கூறும் பெயர் அபூரைஹான் அல்பிரூனி என்பதாகும். 1030-ஆம் ஆண்டை ஒட்டி அவர் இயற்றிய ‘கிதாபுல் ஹிந்த்’ நூலை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். ஆனால், அதனுள் புகுந்து அவர் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்று அளந்து பார்ப்பவர் சிலரே. அறிஞருக்குச் செய்யும் மரியாதை புகழ்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை.

முதலில் நிறையைச் சொல்வோம். மறுத்து வாதிடுவதற்காக அன்றி, உள்ளதை உள்ளவாறு உரைப்பதற்காகவே எழுதுவதாக அவர் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். அவ்வாறே பெரிதும் நடந்தும் காட்டுகிறார். சாங்கிய நூல் ஒன்றையும் பதஞ்சலியின் யோக நூலையும் முன்னரே அரபியில் ஆக்கியிருந்தார். சாங்கியரின் 25 தத்துவங்களை விளக்குகிறார். ஆன்ம விடுதலை பற்றிய யோகக் கருத்துகளைக் கிரேக்க ஞானிகளின் கருத்துகளோடும் சூஃபியாக்களின் சொற்களோடும் ஒப்பிடுகிறார்.

இனிக் குறைக்கு வருவோம். சாங்கியம், யோகம், பகவத்கீதை ஆகியவையே தத்துவத்தில் அவருக்குப் பெருந்துணை. மீமாம்சை, உலோகாயதம் போன்றவற்றை ஓரிரு தொடர்களில் கடந்துவிடுகிறார். பௌத்த நூலோ பௌத்தரோ தமக்குக் கிட்டவில்லை என்று அவரே எழுதுகிறார். இதனால், கற்ற இந்துக்கள் அனைவரும் இறைவனைப் பற்றி ஏறத்தாழ ஒரே கருத்தினர் என்ற எண்ணம் படிப்பவர் உள்ளத்தில் பதிகிறது. உண்மை வேறு. மீமாம்சகர் வேதத்தை யாராலும் இயற்றப்படாதது என்றனர். உலகைப் படைத்தவன் ஒருவன் வேண்டும் என்பதை ஏற்கவில்லை. ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை இறைவனைச் சேர்க்காமலே உலகை விளக்கிற்று. நையாயிகரோ அனுமானத்தால் இறைவனை நிறுவ முயன்றனர். உதயனரின் ‘நியாய குசுமாஞ்சலி’ அதற்கென்றே எழுந்த நூல். இவர்களிடையே நடந்தது தலைமுறை தலைமுறையான கடும் வாதம். அந்த வாதத்தின் ஓசை ‘கிதாபுல் ஹிந்’தில் நம் செவிக்கு எட்டுவதில்லை.

மற்றொன்று இதனினும் பெரிய இழப்பு. பகுக்க இயலாத அணுவைப் பற்றி இப்னு ஸீனாவுக்கு வினா எழுதியவர் அல்பிரூனி. அதே அணுவைக் கொண்டு உலகை விளக்கியது வைசேடிகம். அதன்படி அணுக்கள் அழிவற்றவை. அஷ்அரிய்யா கலாம் அறிஞர்களும் அணுவை ஏற்றனர். ஆனால் அதனையும் கணந்தோறும் படைப்பவன் அல்லாஹ்வே என்றனர். சொல் ஒன்று, முடிவு நேர்மாறு. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தத் தகுதி வாய்ந்த அறிஞர் அவ்வொப்பீட்டைச் செய்யாமலே போனார்.

குறை முழுவதும் அவருடையதன்று. கஜ்னி மஹ்மூதின் படையெடுப்புகளால் இந்துக்களின் கலைகள் காஷ்மீருக்கும் காசிக்கும் விலகிச் சென்றன என்று அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். வாள் சென்ற வழியில் அறிஞர் எதிர்வந்து நிற்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் ஒன்பது தரிசனங்களை விவரித்தபோது, சமணமும் பௌத்தமும் நாத்திகமும் அவ்வரிசையில் இடம்பெற்றன.

பிறர் கொள்கையை மறுக்குமுன் அதனை அவர்தம் வாயாலேயே கேட்கவேண்டும் என்பது அல்பிரூனி நமக்கு விட்டுச்சென்ற நெறி. அவர்களுள் ஒருவர் வாயை மட்டும் கேட்பது போதாது என்பது அவர் நூலின் குறை உணர்த்தும் பாடம். இரண்டையும் சேர்த்துக் கற்பதே அந்நூலைக் கற்றதாகும்.