கதவும் காவலும்: சூழ்நிலை அறியும் அணுகற் கட்டுப்பாடு பற்றிய ஒரு மதிப்பீடு

1991ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ‘சயன்ரிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் மார்க் வைசர் எழுதிய கட்டுரை, ‘எங்கும் நிறைந்த கணிமை’ என்னும் கோட்பாட்டின் மூல எழுத்தாகக் கொள்ளப்படுகின்றது. கணினிகள் அன்றாட வாழ்க்கைச் சூழலோடு கலந்து கண்ணுக்குப் புலனாகாது மறைந்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அக்கட்டுரையில் வருங் கதவுகள் உரிய வில்லையை அணிந்தவருக்கு மட்டுமே திறக்கின்றன. அக்கதவின் சமூக அடிப்படையையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

அவ்வில்லை வெறுங் கற்பனையன்று. கேம்பிரிட்ஜில் ஒலிவெற்றி ஆய்வுகூடத்தினர் உருவாக்கிய வில்லை, 15 செக்கனுக்கு ஒரு தடவை செங்கீழ்க் கதிர் மூலம் தன் அடையாளத்தை அறிவித்தது. பழைய பூட்டு, திறப்பை மட்டுமே வேண்டிநிற்கும். திறப்பைக் கொணர்ந்தவர் எங்கிருந்து வந்தார், எவருடன் வந்தார் என்று அது வினவுவதில்லை. சூழ்நிலை அறியும் கதவோ இடம், நேரம், உடனிருப்போர் என்பவற்றை அறிந்த பின்னரே அனுமதி வழங்குகின்றது. எனவே கதவண்டை வருமுன்னரே மனிதர் அவதானிக்கப்பட வேண்டியவராகின்றார். காப்பதற்கென எழுந்த பொறிமுறை கண்காணிப்பைத் தன் முன்நிபந்தனையாகக் கொண்டுள்ளமை இதன் அடிப்படை முரண்பாடாகும்.

வைசர் இவ்வபாயத்தை உணராதவரல்லர். இத்தகைய கணினிகள் சர்வாதிகாரத்துக்குப் பெருந்துணையாகலாம் என அவரே ஒப்புக்கொள்கின்றார். எனினும் அவர் காணும் பரிகாரம் மறைகுறியாக்கமாகும். அது தகவலை அந்நியரிடமிருந்து காக்கலாம். தகவலை முறைப்படி வைத்திருக்கும் தொழில்தருநரிடமிருந்து ஊழியரைக் காப்பது எது? அவர் வருணிக்கும் சால் என்ற பெண்ணின் ஒரு நாளில், அவளது அலுவலகத்தைத் துப்புரவு செய்பவருக்கு இடமில்லாமை தற்செயலானதன்று என்றே நாம் கருதுகின்றோம்.

2001இல் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர், ஆளின் வகிபாகத்தோடு நேரம், இடம் முதலியவற்றையும் ‘சூழல் வகிபாகம்’ என விதிகளுள் அடக்கினர். இதன் பயனை மறுப்பதற்கில்லை. பணிநேரத்திலன்றி மருத்துவர் நோயாளியின் பதிவேட்டைத் திறக்க இயலாதெனின், அது நோயாளிக்கே பாதுகாப்பாகும். ஆயின் சூழ்நிலை என்பது முன்கூட்டியே வரையறுக்கத்தக்க பொருளன்று. செயலினூடாகவே அது உருவாகின்றது என 2004இல் போல் டூரிஷ் எடுத்துக்காட்டினார். சக தாதிக்கு உதவவென வேறொரு வார்ட்டுக்குச் செல்லும் தாதியின் செயல் மனிதாபிமானமானது. விதியின் கண்ணுக்கு அதுவே அத்துமீறல். அவசர வேளையில் விதியை மீறிப் பதிவேட்டைத் திறந்து, பின்னர் காரணங் கூறும் வழி மருத்துவமனை முறைமைகளில் அமைக்கப்பட்டிருப்பது, விதியின் போதாமைக்கு அவற்றை வகுத்தோரே அளித்த சாட்சியாகும்.

ஆகவே, கதவு எத்துணை நுண்ணறிவுடையது என்பதன்று வினா. அதன் விதியை எழுதுவோர் யார் என்பதே வினா. விதிக்கு உட்படுவோர் அதனை வாசிக்கவும், மறுப்புக்குக் காரணங் கேட்கவும், விதியாக்கத்திற் பங்குகொள்ளவும் உரிமையுடையோராதல் வேண்டும். கணினி மறையலாம், அதிகாரம் மறைந்திருக்க இடமளித்தலாகாது.