பி.பி.எஸ்: தணித்துப் பாடிய தைரியம்

பி.பி. ஸ்ரீனிவாஸைப் புகழ்கிறவர்கள்கூட அவருக்குக் கொஞ்சம் குறைத்தே அளக்கிறார்கள். ‘நல்ல மென்மையான குரல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த மூச்சில் டி.எம்.எஸ்ஸின் கம்பீரத்துக்குப் போய்விடுவார்கள். மென்மை தொண்டையோடு பிறந்தது, அதில் பாடகரின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது என்ற நினைப்பு அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த மென்மை, பாட்டுக்குப் பாட்டு, வரிக்கு வரி அவர் எடுத்த முடிவு. குரலைத் திறந்து கைதட்டல் வாங்கக்கூடிய இடத்திலும் திறக்காமல் பிடித்து நிறுத்திய முடிவு.

இதற்கு ஒரே பாட்டு போதும். 1966-இல் வந்த ‘ராமு’ படத்தின் ‘நிலவே என்னிடம் நெருங்காதே’. எம்.எஸ். விஸ்வநாதன் இசை, திரையில், மனைவியை இழந்த ராணுவ வீரனாக ஜெமினி கணேசன். பாகேஸ்ரீயில் நனைந்த மெட்டு. துக்கத்தைப் பிழிந்து காட்ட வேறொரு பாடகருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. பி.பி.எஸ் என்ன செய்கிறார், கவனியுங்கள். ‘நிலவே’ என்று கூப்பிடும்போது அதில் ஒரு பிரியம் இருக்கிறது. தள்ளிப் போகச் சொல்கிறவன் குரலே அதில் இல்லை. ‘நெருங்காதே’ என்ற சொல்லுக்கு வரும்போது கடைசி நெடிலைச் சற்றே நீட்டுகிறார்; நீட்டிய பிறகு அதில் ஒரு சங்கதி போட்டு அலங்கரிக்கவில்லை, நடுக்கம் சேர்க்கவில்லை, அழுகையை உள்ளே விடவில்லை. குரலின் கனத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய் விட்டுவிடுகிறார். அழுது தீர்த்தவனின் குரல் அது. அழுகிறவன் குரலில் பாடுவது சுலபம். அழுது முடித்து, முகம் கழுவி, ஆள் முன்னால் வந்து நிற்பவனின் குரலில் பாடுவதற்கு வேறொரு அடக்கம் வேண்டும். ‘நெருங்காதே’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

மேல்நாட்டில் பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் போன்றவர்கள் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தார்கள். மைக் வந்த பிறகு, அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பாடகன் குரலெடுத்துக் கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒருவர் காதருகே பேசுவதுபோல் பாடலாம் என்றாகிவிட்டது. தமிழில் பலருக்கும் மைக் கிடைத்தது. ஆனால் நாடக மேடைப் பழக்கம் பாட்டை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. ஏ.எம். ராஜாவும் அவரைத் தொடர்ந்து பி.பி.எஸ்ஸும்தான் மைக்கை நம்பிக் குரலைத் தணித்தவர்கள். அதிலும் மந்தர ஸ்தாயியில், மற்றவர்களுக்கு வெறும் காற்றாகிப்போகும் இடத்தில், பி.பி.எஸ்ஸுக்குச் சொல் தெளிவாக நிற்கும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். அந்த நெருக்கடியிலும் பதற்றமே தெரியாமல் பாடியிருக்கிறார்.

ராஜா ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், தெரியும். ‘தேன் நிலவு’ ராஜாவின் குழைவுக்கு நானும் அடிமைதான். மெட்டையும் அவரே போட்டுப் பாடிய படம் அது. ஆனால் ராஜாவின் குரலில் எப்போதும் ஓர் இளைஞன் இருக்கிறான். பி.பி.எஸ்ஸின் குரலில் வயது ஏறி இறங்கும். ‘பாவமன்னிப்பு’ படத்துக் ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடும்போது காதலில் மிதக்கும் பிள்ளை. அடுத்த ஆண்டே ‘சுமைதாங்கி’யில் ‘மயக்கமா கலக்கமா’ என்று கேட்கும்போது, நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் பெரியவர்.

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் டி.எம்.எஸ் கட்சிக்குப் பலம் அதிகம். எம்.ஜி.ஆர், சிவாஜி படங்களோடு வளர்ந்த ஊர், அதில் ஆச்சரியமில்லை. சாப்பாட்டுக் கடையில் பழைய பாட்டுப் பேச்சு வந்தால், “அண்ணே, உங்க ஆளு பாடுனா தூக்கம்ல வருது” என்று ஒரு தம்பி எப்போதும் ஆரம்பிப்பார். அவருக்கு நான் போட்டுக்காட்டுவது ‘பொன் ஒன்று கண்டேன்’. 1962, ‘படித்தால் மட்டும் போதுமா’. அண்ணன் தம்பியாகச் சிவாஜிக்கு டி.எம்.எஸ், பாலாஜிக்கு பி.பி.எஸ். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரண்டு குரலையும் ஒரே மெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். டி.எம்.எஸ் முழுக்குரலில் வருகிறார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்ற ஆசை எந்தப் பாடகருக்கும் வரும். பி.பி.எஸ் ஓர் அங்குலம்கூடக் குரலை ஏற்றவில்லை. தம் உயரத்திலேயே நின்று பதில் சொல்கிறார். அதனாலேயே இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது நமக்குக் கேட்கிறது. அவரும் உரக்கப் பாடியிருந்தால் பாட்டு போட்டியாகிப்போயிருக்கும். டி.எம்.எஸ்ஸின் பெருமையை இந்தப் பாட்டு குறைக்கவில்லை. அவருடைய கம்பீரம் எடுபடுவதற்கே பக்கத்தில் இப்படி ஒரு குரல் தேவைப்பட்டது என்பதுதான் என் கட்சி.

காப்பாரில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு வீட்டு வானொலிக்கும் ஒவ்வொரு பாட்டு பிடிக்கும். தடுப்புப் பலகைகள் மெல்லியவை. பக்கத்து வீட்டு வானொலி நம் வீட்டிலேயே பாடுவதுபோல் கேட்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே எழ வேண்டும் என்பதால் இரவில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஏச்சு விழும். அப்படி ஒலியைக் குறைத்து வைத்தால் பெரும்பாலான பாட்டில் வாத்தியம் மட்டும் இரைச்சலாக மிஞ்சும். பி.பி.எஸ் பாட்டில் சொல் மிஞ்சும். ‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’ பாட்டை அப்பா வானொலிப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு கேட்பார். ஒரு சொல்லையும் தவறவிட்டதில்லை. குறைந்த ஒலியிலும் அர்த்தம் குறையாத குரல் என்று நான் சொல்வது அந்த அனுபவத்திலிருந்துதான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களும் போயின. பாட்டு மட்டும் என்னோடு காப்பார் சாலையில் வந்துகொண்டிருக்கிறது.

‘சோகப் பாடகர்’ என்ற முத்திரையையும் நான் ஏற்கமாட்டேன். ‘காதலிக்க நேரமில்லை’ படத்து ‘அனுபவம் புதுமை’யைக் கேளுங்கள். உலகமெங்கும் ஜாஸ் பாடகர்கள் பாடித் தேய்த்த மெக்சிகோ பாட்டு ‘பேசாமே மூச்சோ’வின் சாயல் அதில் உண்டு. அந்த லத்தீன் தாளத்தின் மேல் பி.பி.எஸ் அவசரமே இல்லாமல், தாளம் விழுந்த ஒரு கணத்துக்குப் பிறகு சொல்லை வைப்பதுபோல் பாடுகிறார். பி. சுசீலாவின் குரல் துள்ளும்போது இவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஜாஸ் பாடகர்கள் ஆயுள் முழுக்கப் பழகும் வித்தை அது. கட்டபொம்மன் படத்தில் ஜி. ராமநாதனின் ‘இன்பம் பொங்கும் வெண்ணிலா’வும், ‘பாசம்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடிய ‘பால் வண்ணம் பருவம் கண்டு’வும் அதே ரகம். கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலாகவே இருந்தவர் அவர். அந்த ரசிகர்கள் அவரை எந்தப் பாடகருக்கும் இரண்டாவதாக வைத்ததில்லை. காக்கிநாடாவில் பிறந்து, 1952-இல் ‘மிஸ்டர் சம்பத்’ இந்திப் படத்தில் தொடங்கி, இத்தனை மொழிகளில் பாடியும் அவருடைய தமிழ் உச்சரிப்பில் ழகரம் தடுமாறியதில்லை.

சினிமாவில் வாய்ப்பு இல்லாமல் சென்னையை விட்டே போய்விடலாம் என்று முடிவெடுத்திருந்த வாலி, பி.பி.எஸ் வாயால் ‘மயக்கமா கலக்கமா’வைக் கேட்டு மனம் மாறிய கதையை வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். கண்ணதாசனின் வரிகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதே வரிகளை மேடைப் பிரசங்கம்போல் பாடியிருந்தால் வாலி பெட்டியைக் கட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். உபதேசம் தோழமையாகக் காதில் விழ வேண்டும். அந்தத் தோழமை குரலில்தான் இருந்தது.

இன்று நம் கல்யாண மண்டபங்களில் இந்தப் பாட்டுகளுக்கு நேர்வதைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கராவோக்கே பாடாத குடும்பமே இல்லை. ஆசையோடு பாடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஒலிப்பெட்டிக்காரர் எதிரொலியை உச்சத்துக்கு ஏற்றி வைத்துவிடுகிறார். பி.பி.எஸ் விட்ட அமைதிகள் எல்லாம் அதில் அடைபட்டுப் போகின்றன. பாடுகிறவர்களும் மைக்கை வாயில் வைத்துக் கூவுகிறார்கள். பழைய பதிவுகளின் மேல் புதிய டிரம்ஸ் ஏற்றி விற்ற குறுந்தட்டுகள் இன்னொரு கொடுமை. ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாட்டுக்கு இடி முழக்கம் எதற்கு?

பழைய பாடல் போட்டி நடத்துகிற நம் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.பி.எஸ்ஸுக்கென்று தனிச் சுற்று ஒன்று வையுங்கள். அந்தச் சுற்றில் எதிரொலியை அணைத்துவிடுங்கள், வாத்திய ஒலியைப் பாதியாக்குங்கள். யார் எவ்வளவு உயரம் எட்டினார் என்று மதிப்பெண் போடாமல், வரியின் கடைசிச் சொல் கேட்டதா என்று மட்டும் நடுவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளில் தணித்துப் பாடத் தெரிந்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். உரக்கப் பாடுபவர்களுக்கே கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் மேடைப் பக்கமே வரமாட்டார்கள்.