முகவர் இல்லாத கைப்பிரதி: திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலப் பதிப்புலகில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்திற்கும் இடையே இலக்கிய முகவர் நிற்கிறார். தமிழில் அத்தகைய தொழில் வேரூன்றவில்லை. அப்பணிகளைத் தமிழில் யார் செய்தனர், எப்பணி செய்யப்படாமல் விடுபட்டது என்னும் வினாக்களைத் திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய இரு நாவல்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. கைப்பிரதியைப் படிப்பவரும் கொண்டு சேர்ப்பவரும் தமிழில் இருந்துள்ளனர். எழுத்தாளர் பக்கம் நின்று உரிமை பேசுபவர் மட்டும் இல்லை என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: இலக்கிய முகவர், கைப்பிரதி, பதிப்பாசிரியர், பதிப்புரிமை, இமையம், சல்மா.

1. முன்னுரை

காவிரியின் வடகரையில், வாழையும் வெற்றிலையும் விளையும் ஊர் தொட்டியம். அத்தகைய ஊரில் ஒருவர் தம் முதல் நாவலை எழுதி முடித்தால் அக்கைப்பிரதி யாரிடம் செல்லும்? லண்டனில் வாழும் எழுத்தாளர் முதலில் ஒரு முகவரைத் தேடுவார். தொட்டியத்தில் வாழ்பவர் முதலில் தம்மை நம்பிப் படிக்கும் ஒருவரைத் தேட வேண்டும். அத்தகையவர் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியராகவோ, சிற்றிதழ் நண்பராகவோ, ஏற்கெனவே நூல் வெளியிட்ட எழுத்தாளராகவோ இருப்பார். இவ்வழியைப் பண்பாட்டுச் சிறப்பு என்று போற்றுவதும் வளர்ச்சிக் குறைபாடு என்று ஒதுக்குவதும் எளிது. இரண்டையும் தவிர்த்து, அதன் இயக்கத்தை விளங்கிக்கொள்வதே இங்கு நோக்கம்.

2. முகவர் என்னும் தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் லண்டனில் ஏ. பி. வாட் இதனை முறையான தொழிலாக நிறுவினார். எழுத்தாளரின் வருவாயில் பத்து விழுக்காடு அவருக்குரிய ஊதியம். எழுத்தாளர் ஈட்டினால்தான் முகவரும் ஈட்டுவார். ஆகவே இருவர் நலனும் ஒரே பக்கம் அமைகிறது. முகவரின் பணியை மூன்றாகப் பகுக்கலாம்: கைப்பிரதியைப் படித்துத் தேர்தல், உரிய பதிப்பகத்திடம் சேர்த்தல், உரிமைகளைப் பேசி ஒப்பந்தமாக்குதல்.

இந்தியாவில் 1997இல் ஜகராண்டா, 2007இல் சியாஹி போன்ற முகமைகள் தோன்றின. அவற்றின் களம் பெரிதும் ஆங்கில நூல்களே. அதற்கு முந்தைய காலத்தில் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் நட்பே வழியாக இருந்தது. ஆர். கே. நாராயணின் முதல் நாவலின் கைப்பிரதியை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் ஒருவர் கிரகாம் கிரீனிடம் கொண்டு சேர்த்தார். கிரீனின் பரிந்துரையால் அது 1935இல் லண்டனில் வெளிவந்தது.

தமிழில் தொடக்கம் முதலே இதழ்கள் அவ்விடத்தை நிரப்பின. ராஜம் ஐயரின் நாவல் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. வை. மு. கோதைநாயகி 1925இல் ஜகன்மோகினி இதழையே ஏற்று நடத்தித் தம் நாவல்களைத் தாமே வெளியிட்டார். வழி திறக்காதவர் வழியையே தமதாக்கிக்கொண்ட நிகழ்வு இது. பின்னர் 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா போன்ற பதிப்பகங்கள், கைப்பிரதியைச் செம்மையாக்கும் பதிப்பாசிரியப் பணியை முதன்மைப்படுத்தின.

3. ஆசிரியர் வழி: இமையம்

கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இமையம், திருச்சிராப்பள்ளி பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியில் பயின்றவர். அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலப் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டின் தொடர்பு அவருடைய வாசிப்பை விரிவாக்கியது. அவரது முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. ஊரிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து இலக்கிய நட்பு, பின்னர் பதிப்பாசிரியர் என்று இப்பாதை அமைகிறது. முகவரின் முதற்பணியாகிய படித்து வழிகாட்டுதலை இங்கு ஆசிரியரும் பதிப்பாசிரியரும் ஊதியம் கருதாது பகிர்ந்துகொண்டனர்.

இந்நாவலின் உள்ளடக்கம் நம் வினாவுக்கு எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் குடும்பம், கூலியை எழுத்தில் பேசிப் பெறுவதில்லை. வழக்கத்தையும் கொடுப்பவர் மனத்தையும் நம்பி வாழ்கிறது. வழக்கம் தளரும்போது ஆரோக்கியத்திடம் முறையிட ஆதாரம் ஏதுமில்லை. எழுத்தாளரின் நிலையும் அவள் நிலையும் ஒன்றென்பது மிகையாகும். எனினும், நல்லெண்ணத்தை மட்டுமே ஒப்பந்தமாகக் கொண்ட உறவு எங்கே முறியும் என்பதை இந்நாவல் அறிந்திருக்கிறது.

4. தாய் வழி: சல்மா

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவுக்குக் கல்லூரி வழியும் அடைபட்டிருந்தது. பள்ளிப் பருவத்திலேயே படிப்பு நிறுத்தப்பட்டது. மறைத்து எழுதிய கவிதைகளை வீட்டிலிருந்து வெளியே கொண்டு சென்றவர் அவருடைய தாய். புனைபெயர் எழுத்தாளரை மறைத்தது. தாய் எழுத்தைக் கடத்தினார். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இலும், ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இலும் காலச்சுவடு வெளியீடுகளாக வந்தன.

வீட்டினுள் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சே அந்நாவலின் உலகம். அப்பேச்சு வாசலைத் தாண்டக்கூடாது என்பதே அங்குள்ள விதி. வாசலைத் தாண்டிய எழுத்தின் வரலாறும் வாசலைத் தாண்டாத பேச்சின் கதையும் ஒன்றையொன்று விளக்குகின்றன. அறிமுகம் உள்ளவருக்கே வழி திறக்கும் முறையில், வெளியே செல்ல முடியாதவர் இருமடங்கு விலக்கப்படுகிறார். சல்மாவின் வெற்றி அம்முறையின் தாராளத்தைக் காட்டுவதன்று. ஒரு தாயின் துணிவைக் காட்டுவது. அத்துணை வாய்க்காத கைப்பிரதிகளைப் பற்றி இலக்கிய வரலாறு பேச இயலாது. அவை அதன் கைக்கு வரவே இல்லை.

5. விடுபட்ட மூன்றாம் பணி

முகவரின் மூன்றாம் பணி உரிமை பேசுதல். தமிழில் கைப்பிரதியைத் தேர்பவரும் செம்மையாக்குபவரும் பெரும்பாலும் பதிப்பாளரே. பிறமொழி உரிமைகளை விற்பவரும் பல நேரங்களில் அவரே. இதன் பயன் பெரிது: லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் சல்மாவின் நாவல் 2009இல் ஆங்கிலத்தில் வந்தது, பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் பன்னாட்டு புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் பேரத்தின் மறுபக்கம் அமர்ந்திருப்பவரே எழுத்தாளரின் ஆலோசகராகவும் இருப்பது, அவர் எத்துணை நேர்மையாளராயினும், அமைப்பு அளவில் ஒரு குறையே.

சட்டம் ஓரளவு காப்பளிக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் அமைய வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டுகளே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியாவிற்குள் மட்டுமே செல்லும். முதல் நூல் அச்சாவதே பேறு என்று கருதும் எழுத்தாளருக்கு இவ்விதிகளை யார் எடுத்துச் சொல்வது? முகவர் இல்லாத இடத்தில் எழும் உண்மையான வினா இதுவே.

2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்பு நல்கையோடு இலக்கிய முகவர் என்னும் சொல்லையும் நம் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆயினும் இது அச்சான தமிழ் நூலை உலகிற்குக் கொண்டு செல்லும் வழி. அச்சாகாத கைப்பிரதியைச் சிற்றூரிலிருந்து பதிப்பகத்திற்குக் கொண்டு வரும் வழியன்று.

6. முடிவுரை

தமிழில் முகவர் இல்லை என்பது பாதி உண்மையே. ஆசிரியர், தாய், நண்பர், பதிப்பாசிரியர் ஆகியோர் முகவரின் இரு பணிகளைச் செய்துவந்துள்ளனர். மூன்றாம் பணி வெற்றிடமாகவே உள்ளது. லண்டன் முறையை அப்படியே பெயர்த்து நடுவது இதற்குத் தீர்வாகாது. சிறு விற்பனையுள்ள சந்தையில் பத்து விழுக்காடு ஒரு தொழிலைத் தாங்காது. கல்லூரித் தமிழ்த்துறைகள் இங்கு இரண்டு செய்யலாம். ஒன்று, வட்டார எழுத்தாளர்களின் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் திருத்தப்படிகளையும் ஆய்வு மூலங்களாகத் திரட்டுதல். மற்றொன்று, படைப்பிலக்கியப் பாடத்தோடு பதிப்புரிமையையும் கற்பித்தல். தொட்டியத்தில் எழுதப்படும் நாவலுக்கு வாசகர் ஒருவர் கிடைப்பது இன்று நற்பேறாக உள்ளது. தன் உரிமையை அறிந்து கையொப்பமிடுவதேனும் நற்பேற்றைச் சாராதிருக்க வேண்டும்.