ஒரே எண்ணில் இரண்டு ஆபத்துகள்

நோய்களுக்கும் எண் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய்ப் பட்டியல் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீட்டெண் தருகிறது. எந்த நாட்டில் எதனால் எத்தனை பேர் இறந்தனர் என்று ஒப்பிட இந்த எண்களே ஆதாரம். 2022-இல் பதினோராம் பதிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பைப் பல நாடுகள் இன்னும் கைவிடவில்லை. அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

பிரசவத்தின்போது கொடுக்கும் மயக்க மருந்தால் நுரையீரலுக்கு நேரும் கேடுகளுக்கு அதில் இரண்டு எண்கள். இரைப்பையில் உள்ளவை மூச்சுக்குழலில் புகுவதால் வரும் கேட்டுக்கு ஓ 74.0, மற்ற நுரையீரல் கேடுகளுக்கெல்லாம் ஓ 74.1. ஒன்பதாம் பதிப்பில் இவை அனைத்தும் 668.0 என்ற ஒரே எண்ணில் அடைபட்டிருந்தன. ஆகவே இது முன்னேற்றமே.

முதலாவதற்குத் தனி எண் தந்ததற்குக் காரணம் உண்டு. நிறைமாதத்தில் கருப்பை இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுகிறது. உணவுக்குழலின் கீழ்வாயை மூடிவைக்கும் தசையும் தளர்ந்துவிடுகிறது. பிரசவ வலி கண்டபின் இரைப்பை காலியாவதும் தாமதப்படுகிறது. இந்நிலையில் முழு மயக்கம் கொடுத்தால், மேலேறி வருவதை இருமி வெளியேற்றவும் உடலால் இயலாது.

இதை விளக்கியவர் கர்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர். நியூயார்க்கின் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 1932 முதல் 1945 வரை பதிவான 44,016 கருவுற்றோரை அவர் ஆராய்ந்தார். 66 பேருக்கு இவ்விபத்து நேர்ந்திருந்தது, இருவர் இறந்தனர். முயல்களின் நுரையீரலில் அமிலம் கலந்த இரைப்பை நீரைச் செலுத்தியபோது கடும் கேடு விளைந்தது. அமிலத்தை நடுநிலையாக்கிச் செலுத்தியபோது அவ்வாறு நேரவில்லை. 1946-இல் இவற்றை வெளியிட்டார். அமிலத்தால் வரும் இக்கேட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் இறந்த அந்த இருவரையும் கொன்றது அமிலமன்று. திட உணவு மூச்சுவழியை அடைத்ததால் அவர்கள் இறந்தனர்!

என் குறை இதுதான். அடைப்பு என்பது இயற்பியல். நிமிடங்களில் உயிரைப் பறிப்பது. அமிலப் புண் என்பது வேதியியல். சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். முன்னதற்குக் காப்பு உணவை நிறுத்துதல். பின்னதற்குச் சோடியம் சிட்ரேட் போன்ற அமில முறிப்பான். இரண்டும் ஓ 74.0-இலேயே விழுந்தால், எந்தக் காப்பு பலித்தது, எது பலிக்கவில்லை என்று எண்ணிக்கையைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆய்வகத்தில் என் மாணவன் சுழிப்பிழையையும் உராய்வையும் சேர்த்து ‘பிழை’ என்று ஒரே வரியில் எழுதினால், நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று. பிரசவம் முடிந்த மறுநாள் கருத்தடை அறுவைக்காக மயக்க மருந்து பெறும் தாய்க்கு இதே விபத்து நேர்ந்தால் எண் ஓ 89.0 ஆகிவிடுகிறது. அங்கே இரைப்பை நீர் புகுந்ததும் நுரையீரல் சுருங்கியதும் மீண்டும் ஒரே எண்தான். பிரசவ அறையில் பிரித்ததை மறுநாள் ஏன் சேர்க்க வேண்டும்? மருத்துவமனைக் குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொரு தாயாகப் படித்தாலன்றி அவற்றைப் பிரித்தறிய வழியில்லை.