எடுத்து வளர்த்தவர்கள்

மதுரைவீரன் கதையை வகுப்பில் எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். பலாங்கொடைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், வீரன் சின்னானுக்கே பிறந்த மகனென்றால் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டானா?" என்று கேட்டான். அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை.

கதை யாவரும் அறிந்ததே. காசி மன்னனின் மகன், பிறந்தபோது கண்ட தீக்குறியினாற் காட்டில் விடப்படுகிறான். சக்கிலியத் தம்பதியரான சின்னானும் செல்லியும் அவனை எடுத்து வளர்க்கின்றனர். வளர்ந்தவன் பொம்மண நாயக்கனின் மகளோடு உடன்போகிறான். மதுரையில் கள்ளரை அடக்குகிறான். முடிவில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். அந்த அரசப் பிறப்பை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். காவலோ காதலோ தண்டனையோ எதுவும் குலைவதில்லை. ஆயின் அப்பிறப்பு அங்கே எதற்கு? தாழ்த்தப்பட்டவன் மேற்குலப் பெண்ணை மணந்தான் என்பதைச் செரித்துக்கொள்ள இயலாத சமுதாயம் பின்னர் வைத்துத் தைத்த ஒட்டு அது என்பதே நம் கருத்து. முத்துப்பட்டன் கதையிலும் இதே தையலைக் காண்கிறோம். பிராமணனாகிய பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் பகடையின் பெண்களல்லர், காட்டிற் கண்டெடுத்த பிராமணக் குழந்தைகளே என்று பாடங்கள் சில கூறுகின்றன.

எனினும் இதனை முற்றிலும் மேலோரின் சூழ்ச்சியென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. தோட்டத்து முதியோர், "அவர் ராசா மகன்" என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறுவதை நாம் கேட்டிருக்கிறோம். மிதிக்கப்பட்டவனுக்கும் தன் வீரனுக்கு ஒரு முடி வேண்டியிருக்கிறது.

பாரதம் இவ்விடயத்தில் நேர்மையானது. அரங்கிலே குலம் கேட்கப்பட்டபோது கர்ணன் வாயடைத்து நிற்கிறான். ஆனால், பிறப்பின் உண்மையைக் கண்ணன் வெளிப்படுத்தி அரசையே தர முன்வரும்போது, ராதையின் பாலையும் அதிரதன் செய்த சடங்குகளையும் எடுத்துக்காட்டி அதனை மறுத்துவிடுகிறான். அங்கே மகன் என்பவன் வளர்ப்பினால் ஆனவன். நம் மேடைகளோ குந்தியின் கண்ணீருக்கு ஓரிரவு முழுவதும் இடங்கொடுத்து, ராதையை ஓரிரு வரிகளில் அனுப்பிவிடுகின்றன.

அரங்கில் எழுந்த அக்கேள்வியை மலையகத்தார் புராணத்தில் மட்டும் கேட்டவரல்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்தவனிடமும், உன் தந்தை இங்கு பிறந்தானா, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா என்று கேட்டது. லயத்திலே பிறந்து, கொழுந்தும் றப்பர்ப் பாலும் எடுத்தே முதுகு வளைந்தவர்கள் பூட்டனின் பிறப்புப் பத்திரத்திற்கு எங்கே போவார்கள்? உழைத்த மண் வளர்ப்புத் தாயாகக்கூட எண்ணப்படவில்லை. எஞ்சியிருந்தோர் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

1956இல் வெளிவந்த 'மதுரை வீரன்' திரைப்படத்தில் வளர்ப்புப் பெற்றோராக வருவோர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும். சிரிக்க வைப்பதற்கென்றே பெயர்பெற்ற அவ்விருவரிடம் அப்பாத்திரங்கள் ஒப்படைக்கப்பட்டமை தற்செயலன்று என்றே எண்ணுகிறோம்.

அம்மாணவனுடைய தோட்டத்து மதுரைவீரன் கோயிலுக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். வீரன் வாளேந்தி நிற்கிறான். ஒருபுறம் பொம்மி, மறுபுறம் வெள்ளையம்மாள். சின்னானும் செல்லியும் எங்கே என்று பூசாரியாரைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவங்களுக்குச் செலை வக்கிற வழக்கம் இல்லீங்களே, சேர்" என்றார்.