ஆட்டோகேட் ஆஃப்செட்: எட்டு லேன் டிராக்கில் ஒரு சோதனை

ஆட்டோகேடில் ‘ஓ’ தட்டி என்டர் அழுத்தினால் ஆஃப்செட் வந்து நிற்கும். தூரம் கேட்கும், பொருளைக் கேட்கும், எந்தப் பக்கம் என்று கேட்கும். கோட்டைக் காட்டினால் இணைகோடு. வட்டத்தைக் காட்டினால் அதே மையத்தில் இன்னொரு வட்டம். 230 மில்லிமீட்டர் சுவர், ரோட்டின் இரு ஓரம், பைப்பின் கனம் எல்லாம் இந்த ஒரு கமாண்டில்தான் பிறக்கின்றன. இது எந்த அளவுக்கு நம்பகமானது என்று பார்க்க, நேர்கோடும் வளைவும் கலந்த ஓர் உருவம் வேண்டும். 400 மீட்டர் ஓட்டப்பந்தய டிராக்கை எடுத்துக்கொண்டேன்.

டிராக் சோதனை

உலக தடகள அமைப்பின் நிலையான டிராக்கில் உள்விளிம்பின் நேர்பகுதி 84.39 மீட்டர், அரைவட்டத்தின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். உள்விளிம்பை ஒரே பாலிலைனாக வரைந்தேன். ‘ஓ’, பிறகு 1.22, பாலிலைனில் ஒரு கிளிக். பக்கம் கேட்கும் இடத்தில் ‘எம்’ தட்டினால் மல்டிபிள் மோடு. வெளிப்பக்கம் எட்டு கிளிக். எட்டு லேன் தயார். ஒவ்வொரு கிளிக்கும் கடைசியாக வந்த கோட்டிலிருந்தே அளப்பதால் தூரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை.

அளவு சரிதானா? முதல் லேனின் ஓட்டத் தூரத்தை உள்விளிம்புக்கு 0.30 மீட்டர் வெளியே அளப்பது விதி. 0.30 கொடுத்து இன்னொரு ஆஃப்செட் போட்டு ப்ராப்பர்ட்டீஸில் நீளம் பார்த்தால் 400.00. மற்ற லேன்களுக்கு உள்கோட்டிலிருந்து 0.20 மீட்டர். அப்படிப் போட்டால் இரண்டாவது லேன் 407.04, எட்டாவது லேன் 453.03. ஒரு சுற்று ஓட்டத்தில் எட்டாவது லேன்காரர் 53 மீட்டர் முன்னே நின்று புறப்படுவதற்கான கணக்கு இதுதான். நேர்பகுதி எல்லா லேனிலும் 84.39 ஆகவே இருக்கிறது. வளைவின் ஆரம் மட்டும் கூடுகிறது. துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கே இடிக்கிறது?

கமாண்ட் சரியாக வேலை செய்வது நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதே டிராக்கைத் தனித்தனிக் கோடும் ஆர்க்குமாக வரைந்தால், ஒவ்வொன்றையும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அறையின் நான்கு சுவர்க்கோடுகளைத் தனித்தனியாக வெளியே ஆஃப்செட் செய்தால் மூலைகள் திறந்து கிடக்கும், உள்ளே செய்தால் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும். பிறகு ஆரம் பூஜ்யம் வைத்து ஃபில்லெட் போட்டு மூலைக்கு மூலை ஒட்ட வேண்டும். முதலிலேயே ஜாயின் செய்து ஒரே பாலிலைனாக்கினால் இந்த வேலையே இல்லை.

மனையின் செட்பேக் மட்டும் விதிவிலக்கு. முன்பக்கம் ஒரு அளவு, பக்கவாட்டில் வேறு அளவு என்றால் ஒரே ஆஃப்செட் உதவாது. அங்கே தனிக்கோடுகள்தான் வசதி.

வட்டத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 100 விட்டத்தைச் சுற்றி 120 விட்டம் வேண்டுமென்றால் கொடுக்க வேண்டியது 20 அல்ல, 10. ஆஃப்செட் ஆரத்தில்தான் கூட்டும்.

நீள்வட்டத்தை ஆஃப்செட் செய்தால் கிடைப்பது நீள்வட்டம் அல்ல, ஸ்பிளைன். நீள்வட்டத்திலிருந்து சம தூரத்தில் ஓடும் வளைவு கணிதப்படி நீள்வட்டமே இல்லை என்பதால் மென்பொருள்மேல் பழி போட முடியாது. லேசர் கட்டிங்குக்கு ஃபைல் அனுப்புகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். ஸ்பிளைனை ஏற்காத மெஷின் சாஃப்ட்வேர்களும் உண்டு.

பிளாக், டெக்ஸ்ட் இரண்டையும் ஆஃப்செட் தொடாது.

மறைந்திருக்கும் செட்டிங்

ஆஃப்செட்கேப்டைப் என்றொரு செட்டிங் இருக்கிறது. 0 என்றால் பாலிலைனின் வெளிமூலை கூராக நீளும். 1 என்றால் வளையும். 2 என்றால் சாய்வாக வெட்டப்படும். செங்கோண மூலையில் 100 ஆஃப்செட் போட்டால், கூர்முனை பழைய மூலையிலிருந்து 141.4 தள்ளி நிற்கும். எல்லா இடத்திலும் 100 மட்டுமே இடைவெளி வேண்டுமென்றால் 1 வைக்க வேண்டும். இந்த மதிப்பு டிராயிங்கில் அல்ல, கம்ப்யூட்டரில் பதிவாகிறது. பலர் பயன்படுத்தும் லேப் கம்ப்யூட்டரில் சுவர் மூலைகள் திடீரென்று வளைந்து வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கமாண்ட் தொடங்கும்போதே கீழே வரும் வரியில் இந்த எண் தெரியும். பலர் அதைப் படிப்பதில்லை. புதுக்கோடு எந்த லேயரில் விழும் என்பதும் அதே வரியில் இருக்கிறது.

இலவசமாக வேண்டுமா?

லிப்ரேகேடில் இணைகோட்டுக் கருவி இருக்கிறது. தூரத்தோடு எத்தனை கோடு என்ற எண்ணையும் முன்பே கொடுக்கலாம். எட்டும் ஒரே கிளிக்கில் வரும். இந்த ஒரு விஷயத்தில் அது ஆட்டோகேடை முந்துகிறது. ஆனால் முழு பாலிலைனுக்கு வேறு கருவியைத் தேடிப் போக வேண்டும். டிடபிள்யூஜி ஃபைலைக் கையாள்வதிலும் அதற்கு வரம்பு உண்டு. டிஎக்ஸ்எஃப்தான் அதன் சொந்த வடிவம்.

தீர்ப்பு

நாள் முழுக்க பிளான் போட்டு, டிடபிள்யூஜி ஃபைல்களைப் பரிமாறிக்கொள்ளும் அலுவலகத்துக்கு ஆட்டோகேடின் ஆஃப்செட்டே சரி. எப்போதாவது ஒரு ஃபிளாஞ்ச், ஒரு காஸ்கெட் வரைபவருக்குச் சந்தா கட்டுவது வீண், லிப்ரேகேட் போதும். தகுதியுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆட்டோடெஸ்க் ஓராண்டுக் கல்வி அனுமதியை இலவசமாகவே தருகிறது, புதுப்பித்துக்கொள்ளவும் முடியும். எதில் வரைந்தாலும் முதலில் ஜாயின் செய்யுங்கள், பிறகு ஆஃப்செட் போடுங்கள்.